செக்குபந்தி தெரியாத புல்லட்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு புல்லட் நிற்கிறது. 1972-ல் அப்பா வாங்கியது. அப்பா காலத்தில் ஓடியது. என் காலத்தில் நிற்கிறது. நிற்பதிலும் ஒரு நிறைவான வாழ்க்கை உண்டு என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஹேண்டில்பாரில் துண்டும் பாவாடையும் உலரும். கேரியரில் வெங்காயக் கூடை இருக்கும். சீட்டில் பக்கத்து வீட்டுப் பூனை வருஷம் தவறாமல் குட்டி போடும். வீட்டில் என்னைவிட உபயோகமான உருப்படி அதுதான் என்று என் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள். நான் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமானால் ஒரு ஆதாரமாவது வேண்டுமே!

நான் பத்திரம் எழுதுகிறவன். எழுமலையைச் சுற்றியுள்ள கரிசல் காடு, மானாவாரிப் புஞ்சை, பங்காளிச் சண்டையில் துண்டு துண்டாகிப்போன வீட்டடி மனை, எதைக் கொடுத்தாலும் தாய்ப் பத்திரத்தில் ஆரம்பித்து வில்லங்கம் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். ஆகவே இந்த வண்டியின் காகிதங்களில் யாரும் ஒரு குறை காண முடியாது. ஆர்.சி. புத்தகம், வரி ரசீது, வாங்கிய பில், எல்லாம் லேமினேட் செய்து பீரோவில் இருக்கின்றன. என் அதிகாரம் அந்தப் பீரோவோடு சரி. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் நான் கைநாட்டு.

சும்மா கிடந்த சங்கை ஊதியவன் என் அக்கா மகன். மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன் வெங்காயக் கூடையை நகர்த்திவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, இது ஆறு வோல்ட் வண்டி! ஒரிஜினலா இருந்து, ஸ்டார்ட்டும் ஆச்சுன்னா என்ன விலை போகும் தெரியுமா?"

"ஸ்டார்ட் ஆகலேன்னா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எடைக்குப் போகும் அத்தை."

எடைக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் வெளியே வந்து, ஏனோ என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

ஸ்டார்ட் ஆவதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா கடைசிக் காலத்தில் ஒரு மெக்கானிக்கை வைத்து வண்டியின் கரண்ட் சாமான்களை எல்லாம் கழற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். ரிப்பேருக்காகக் கழற்றினாரா, நான் ஓட்டிவிடக் கூடாது என்று கழற்றினாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். டின்னை இறக்கி, தினத்தந்தியை விரித்துக் கொட்டினேன். உள்ளே இருந்தவை இரண்டே ஜாதி: கறுப்பாக இருந்தவை, வெள்ளியாக இருந்தவை. ஒன்றின்மீதும் பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் அரை நூற்றாண்டு கிரீஸ் இருந்தது.

மருமகன் ஒரு வெள்ளி டப்பாவை எடுத்து, "இது கன்டென்சர் மாமா" என்றான். நான் இன்னொன்றை எடுத்து, "இதுவும்தான்" என்றேன். மனைவி குனிந்து பார்த்து, என் கையில் இருந்ததை வாங்கி, "இது நம்ம பழைய சீலிங் பேன்ல இருந்தது. நான்தானே மாத்தினேன்" என்று ஓரமாக வைத்தாள். அவள் சொன்னது சரி. பேன் கன்டென்சர் இரண்டரை மைக்ரோபாரட் அளவில் இருக்கும், ஒயர் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிக் கன்டென்சர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஏறக்குறைய 0.2 மைக்ரோபாரட். ஒயரும் ஒன்றே ஒன்றுதான். இன்னொரு முனை அதன் தகர உடம்பே. இவ்வளவும் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த வீட்டில் பேன் சுற்றுவதற்கு நான் காரணமில்லை என்பது மட்டும்.

முதலில் பேட்டரி வாங்கிவிடுவோம், அதைப் பார்த்தாவது மற்றதெல்லாம் விளங்கும் என்று உசிலம்பட்டிக்குப் போனேன். கடைக்காரர் "எத்தனை வோல்ட்?" என்றார். "நல்ல வோல்ட்டாப் பார்த்துக் கொடுங்க" என்றேன். அவர் பெருந்தன்மையான மனிதர். சிரிக்காமல் பாடம் எடுத்தார். ஈய பேட்டரியில் ஒரு அறைக்கு ஏறக்குறைய 2 வோல்ட். மேலே மூன்று மூடி இருந்தால் 6 வோல்ட், ஆறு மூடி இருந்தால் 12. வண்டி எந்த ஜாதி என்று தெரியாவிட்டால் ஹெட்லைட் பல்பின் பித்தளைக் கழுத்திலும் ஹாரன் முதுகிலும் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும்.

ஒரு காலத்தில் பாதி உலகமே இந்த 6-ல்தான் ஓடியிருக்கிறது. அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில்தான் 12-க்கு மாறின. வோக்ஸ்வேகன் பீட்டில் 1960-களின் பிற்பகுதி வரை விடாப்பிடியாக நின்றது. நம் பக்கம் 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் பூட்ட ஆரம்பித்த புல்லட், மைசூரில் செய்த ஜாவா, அதன் தம்பி யெஸ்டி, ராஜ்தூத், எல்லாமே நெடுங்காலம் மூன்று மூடிக்காரர்கள். ஜாவாவின் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: அது பல் வெட்டாத ஒரு சின்ன உருளை. ஆணியைச் செருகி வண்டியைக் கிளப்பியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பழைய சேத்தக்கும் 1980-ல் வந்த டிவிஎஸ் 50-யும் வேறு வகை. அவற்றுக்கு பேட்டரி என்ற தொல்லையே கிடையாது. சுற்றுகிற காந்தச் சக்கரத்திலிருந்தே கரண்ட் வரும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் லைட் எரியும், விட்டால் மங்கும்.

6 வோல்ட்டின் துயரம் எளிய கணக்கு. 30 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் போதும். 6-ல் ஐந்து வேண்டும். கரண்ட் இரட்டிப்பாகப் போவதால் ஒயர் தடியாக இருக்க வேண்டும், முனைகளில் துரு ஆகாது. துருவில் அரை வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் வண்டி அதைப் பொருட்படுத்தாது. 6 வோல்ட் வண்டிக்கோ அது சொத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்பா பருத்தி வியாபாரத்துக்குப் போய்விட்டு இரவில் உசிலம்பட்டி ரோட்டில் வரும்போது, ஹெட்லைட்டைப் போட்டிருக்கிறாரா என்று பார்க்க எதிரே வருகிறவர் டார்ச் அடித்துப் பார்ப்பாராம். அப்பாவே சொல்லிச் சிரித்தது.

மூன்று மூடி பேட்டரியோடு வீடு திரும்பினேன். மற்றதெல்லாம் விளங்கவில்லை. உள்ளூர் மெக்கானிக் பையனைக் கூப்பிட்டேன். நல்ல கெட்டிக்காரன்; புது வண்டியின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். டின்னைப் பார்த்ததும், "மாமா, இதுல எலக்ட்ரானிக் ஒண்ணுமே இல்லையே" என்று கையை விரித்துவிட்டான். அவன் பிறப்பதற்கு முன்பே பாயிண்ட் என்ற சாமான் பெரும்பாலான வண்டிகளிலிருந்து விடைபெற்றுவிட்டது.

இதற்கிடையில் மனைவியின் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். ஜி.டி.நாயுடு கதையைச் சொன்னார். நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கி, பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினார் என்பது ஊரறிந்த கதைதான். "அவரு படிச்சது கொஞ்சம், மாப்பிள்ளை. நீங்க படிச்சவரு" என்று முடித்தார் பெரியப்பா. அந்தக் கால ரட்ஜில் பேட்டரியும் கிடையாது, காயிலும் தனியாகக் கிடையாது, மேக்னெட்டோ ஒன்றே எல்லாம் என்று பதில் சொல்லியிருக்கலாம். நாயுடு அதற்குப் பிறகு பஸ் கம்பெனி நடத்தினார், நான் அதற்குப் பிறகும் வெங்காயக் கூடையைத் திரும்பக் கேரியரில் வைத்தேன் என்பதால் பேசாமல் இருந்தேன்.

கடைசியில் பேரையூர்ப் பக்கம் ஒரு பெரியவர் கிடைத்தார். ஒரு காலத்தில் மதுரையில் புல்லட் மெக்கானிக். இப்போது ஆடு வளர்க்கிறார். டின்னைப் பார்த்ததும் பீடியை அணைத்தார்.

"என்ன ரைட்டரே, மூலப் பத்திரம் இல்லாத சொத்தா?"

"ஆமாண்ணே. எது எதுன்னு ஒண்ணும் தெரியல."

"மூஞ்சியப் பாத்து சாமான் எடுக்கக் கூடாது. அதுக்கு வர்ற ஒயர் எங்கிருந்து வருது, போற ஒயர் எங்க போகுதுன்னு பாக்கணும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் செய்கிற வேலை இதுதானே! கரிசல் காட்டில் ஒரு ஏக்கரை இன்னொரு ஏக்கரிலிருந்து முகத்தை வைத்துப் பிரிக்க யாரால் முடியும்? செக்குபந்தி என்கிற நான்கெல்லை சொன்னால்தான் நிலம். அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: 'சாவியிலிருந்து வரும் ஒயருக்கு மேற்கு, பாயிண்டுக்குப் போகும் ஒயருக்குக் கிழக்கு, பிளக்குக்குப் போகும் தடித்த கேபிளுக்குத் தெற்கு, வண்டியின் பாடிக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள இக்னீஷன் காயில் உருப்படி ஒன்று.' பெரியவர் படித்துவிட்டு, "சாட்சி யாரு?" என்று கேட்டார்.

அவர் சாமான்களை விசாரித்த விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். கருவி என்று அவர் கேட்டது இரண்டு ஒயரும் ஒரு சின்ன 6 வோல்ட் பல்பும்தான். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்பு வழியாக ஒரு ஒயர், மறு முனையிலிருந்து இன்னொரு ஒயர். இரண்டு நுனிக்கும் நடுவே சாமானை வைத்தால் அதுவே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது.

தகட்டு ஸ்பிரிங்கும் இரண்டு பொட்டு முனைகளுமாக இருந்ததை வைத்தார். முனைகள் ஒட்டியிருக்கையில் பல்பு எரிந்தது. விரலால் விலக்கினால் அணைந்தது. அது பாயிண்ட். உண்மையான கன்டென்சரை வைத்தார்; பல்பு எரியவே இல்லை. எரியாததுதான் அதற்கு அழகு. எரிந்தால் உள்ளே ஷார்ட்டாகிச் செத்துவிட்டது என்று அர்த்தம். அதே மாதிரி இருந்த இன்னொரு வெள்ளி டப்பாவில் பல்பு கொஞ்ச நேரத்தில் மினுக்கி மினுக்கி எரிந்தது. இன்டிகேட்டர் பிளாஷர். இவ்வளவு நேரமும் கன்டென்சர் வேஷத்தில் உட்கார்ந்திருந்த ஆள்.

சதுரத் தகடுகளை ஒரு போல்ட்டில் கோத்த ஒன்று இருந்தது. ஒயரை ஒரு பக்கமாக வைத்தால் பல்பு எரிந்தது. மாற்றி வைத்தால் எரியவில்லை. ரெக்டிபயர். பழைய வண்டிகளில் அந்தத் தகடுகள் செலினியம் பூசியவை. ஆல்டர்னேட்டர் தருகிற ஏசி கரண்டை ஒரே திசையில் மட்டும் விட்டு பேட்டரிக்கு ஏற்றாற்போல் டிசியாக்குவது அதன் வேலை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் முதலில் சாவது அதுதான். அதனால் பேட்டரித் தட்டில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று பெரியவர் அதட்டினார். பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ்வை எர்த் செய்கிற வழக்கம் உண்டு; அவற்றில் சிவப்பு ஒயர் பாடிக்குப் போகும். சிவப்பு என்றால் பாசிட்டிவ், கறுப்பு என்றால் பாடி என்று நினைத்துக்கொண்டிருக்கிற என்னைப் போன்றவர்களுக்காகவே செய்துவைத்த பொறி.

வில்லங்கம் காயிலில்தான் வந்தது. டின்னில் இரண்டு காயில்கள் இருந்தன. உயரம், பருமன், தலைக்கு மேல் கேபிள் மாட்டுகிற கூம்பு, எல்லாம் இரட்டைப் பிள்ளைகள். மண்ணெண்ணெயில் துடைத்ததும் சின்னத் திருகு முனைகளுக்கு அருகில் எழுத்து தெரிந்தது: ஒரு முனையில் எஸ்.டபிள்யூ., மறு முனையில் சி.பி. முதலாவது சாவியிலிருந்து வரும் ஒயருக்கு, இரண்டாவது பாயிண்டுக்கு. லூகாஸ் வழக்கம் அது. 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்த பிறகு நம் ஊர் வண்டிகளுக்கும் பழகிப்போன எழுத்துகள். வோல்ட் எண்தான் இரண்டிலும் அழிந்திருந்தது. பல்பு இரண்டுக்கும் ஒரே மாதிரி எரிந்தது.

அங்கேதான் மருமகன் தன் மல்டிமீட்டரை எடுத்தான். கம்ப்யூட்டர் படிப்பு வீண்போகவில்லை. 6 வோல்ட் காயிலின் முதல் சுருள் ஒன்றரையிலிருந்து இரண்டு ஓம் வரை காட்டும். 12 வோல்ட் காயில் மூன்று, நான்கு ஓம். மீட்டரின் இரண்டு ஒயரையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டுகிற சில்லறையைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு காயில் 1.7, மற்றது 3.4. முதலாவது எங்களுடையது. இரண்டாவதை மாட்டியிருந்தால் பாதிக் கரண்ட்தான் ஓடும், பொறி நோஞ்சானாக வரும். 6 வோல்ட் காயிலை 12 வோல்ட் வண்டியில் மாட்டினால் கதை தலைகீழ்: காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும்.

"காயில் உசுரோட இருக்கான்னு பாத்துருவோம்" என்றார் பெரியவர். பல்பை ஒதுக்கிவிட்டு, கன்டென்சரையும் பாயிண்டையும் சேர்த்துக் கட்டி, பேட்டரியை நேராகக் கொடுத்தார். "ரைட்டரே, இந்தக் கூம்பைச் சும்மா பிடிங்க" என்றார். சும்மா பிடிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. "ஒண்ணுமே இல்லையேண்ணே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பாயிண்டைப் பிரித்தார்.

நான் போட்ட சத்தத்தில் பூனை, குட்டிகளை விட்டுவிட்டு ஓடியது. மனைவி வாசல்படியில் நின்று, "நல்லா இருக்கு போல காயிலு" என்றாள்.

விஷயம் இதுதான். கரண்ட் ஓடும்போது காயில் சாதுவாகக் காந்தம் சேர்த்துக்கொண்டிருக்கும். பாயிண்ட் பிரிந்து கரண்ட் அறுபடுகிற அந்தக் கணத்தில் காந்தம் சரிகிறது. அந்தச் சரிவில் சில நூறு சுற்றுள்ள முதல் சுருளிலிருந்து பல ஆயிரம் சுற்றுள்ள இரண்டாவது சுருளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டும்போதுதான் பொறி. கன்டென்சர் இல்லாவிட்டால் கரண்ட் சட்டென்று அறுபடாமல் பாயிண்ட் முனையிலேயே பொறியாகத் தாவி, அதைத் தின்றுவிடும். பிளக்குக்கு மிச்சம் குறைவு. இந்த ஏற்பாட்டை 1910-ல் காடிலாக் காருக்குச் செய்து கொடுத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் யாரையாவது கூம்பைப் பிடிக்கச் சொன்னாரா என்று சரித்திரத்தில் இல்லை.

டின்னில் பாக்கி இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு சின்னச் சுருள்கள். வெளியே நான்கு முனைகள், நான்கு எழுத்துகள்: எஃப், ஏ, டி, ஈ. எஃப் டைனமோவின் பீல்டுக்கு, ஏ அம்மீட்டர் வழியாக பேட்டரிக்கு, டி டைனமோவுக்கு, ஈ எர்த்துக்கு. நான்கெல்லையையும் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு பிறந்த ஒரே உருப்படி! அதற்கு மட்டும் நான் எழுந்து நின்று மரியாதை செய்தேன். ஆனால் அது ரெகுலேட்டர், டைனமோ வண்டிச் சாமான். ஆல்டர்னேட்டர் வைத்த எங்கள் புல்லட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். எங்கிருந்து வந்து இந்த டின்னில் குடியேறியதோ. பட்டா சரியாக இருந்தும் நிலம் இல்லாத கேஸ் இது.

பூட்டுகிற வேலை சீக்கிரம் முடிந்தது. பாயிண்டை நைஸான உப்புத்தாளில் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். பிறகு எனக்கு அம்மீட்டர் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மெல்ல மிதித்தால் பாயிண்ட் ஒட்டியிருக்கும்வரை முள் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். காயில் கரண்ட் குடிக்கிறது என்று அர்த்தம். பாயிண்ட் பிரிந்ததும் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு துளி மிதித்து, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. அப்பா ஏன் வண்டியை எடுக்குமுன் ஹெட்லைட்டைக் குனிந்து கும்பிடுவார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கும்பிடவில்லை, முள்ளைப் பார்த்திருக்கிறார்.

பெரியவர் உதைத்தார். டப், டப், டப். தெருவே வந்துவிட்டது. மருமகன் வீடியோ எடுத்தான். நானும் உதைத்துப் பார்த்தேன். கிக்கர் என்னைத் திருப்பி உதைத்ததைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை.

அதன் பிறகு என் சொந்தத் துறைக்கு வந்தேன். மத்திய அரசு 2021 ஜூலையில் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி போட்டிருக்கிறது. 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருந்தால் வின்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. வழக்கமான போக்குவரத்துக்கு அந்த வண்டியை ஓட்டக்கூடாது. இதையெல்லாம் மனைவிக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"ஏங்க, இருபதாயிரம் கட்டினா ஓட்டக் கூடாதா?"

"ஆமா."

"இப்ப சும்மாவேதானே ஓட்டாம இருக்கீங்க?"

சட்டப்படி இதற்குப் பதில் இல்லை. வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயக் கூடையை இறக்கி, ஒரு தடவை கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திரும்பக் கூடையை ஏற்றிவிடுகிறோம். மருமகன் வாங்குகிறவர் யாரையோ கூட்டிவருகிறேன் என்கிறான். மனைவிதான் துணி காயப்போட வேறு இடமில்லை என்று தட்டிக்கழிக்கிறாள்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்களுக்கு 6 வோல்ட் ஹெட்லைட் பல்ப் ஒன்று வேண்டும். என்னிடம் எஃப், ஏ, டி, ஈ எழுத்துப் போட்ட ரெகுலேட்டர் ஒன்று, 3.4 ஓம் காயில் ஒன்று, ஆக இரண்டு உருப்படிகள் உபரியாக இருக்கின்றன. பழைய டைனமோ வண்டி வைத்திருப்பவர்கள் எழுமலைக்கு வந்து பண்டமாற்றாக எடுத்துக்கொள்ளலாம். வழக்கம்போல் பத்திரச் செலவு வாங்குகிறவருடையது.